கத்தி அலகுல பேரு பொறிக்க உப்புத்தண்ணியும் ஒரு 12 வோல்ட் அடாப்டரும்

கத்தி செஞ்சு முடிச்சதும் அதுல நம்ம பேரையோ ஒரு சின்ன குறியையோ போட்டு பாக்கணும்னு ஆசை வரும்ல, ஆனா அலகு ஏற்கனவே கடினமாக்கினது, முத்திரை உளிய வெச்சு தட்டினா பதியாது, ஓங்கி அடிச்சா அலகே விரிசல் விட்டாலும் விடும். லேசர் மெஷின் எல்லார்கிட்டயும் கிடையாது. அதனால சுத்தியல தள்ளி வெச்சிட்டு கரண்ட விட்டு இரும்ப கரைக்கப் போறோம்.

தத்துவம் ரொம்ப சின்னது. உப்புத்தண்ணியில ரெண்டு உலோகத்த வெச்சு டிசி கரண்ட் விட்டா பாசிட்டிவ்ல இருக்கறது கரையும், நெகட்டிவ்ல இருக்கறதுல ஹைட்ரஜன் குமிழி கிளம்பும். நம்ம கத்தி பாசிட்டிவ். எழுத்து வர்ற இடத்த மட்டும் திறந்து விட்டு மத்தத மூடிட்டா அந்த எழுத்து மட்டும் பள்ளமாகும். எவ்ளோ கரண்ட் வேணும்னு நிறைய பேர் பயந்துக்கறாங்க, கணக்கு போட்டு பாருங்க, 1 ஆம்பியர் ஒரு நிமிஷம் முழுக்க இரும்ப கரைக்கவே செலவாச்சுன்னா சுமார் 17 மில்லிகிராம் போகும், 1 சதுர சென்டிமீட்டர் பரப்புல அது 20 மைக்ரானுக்கு கொஞ்சம் மேல ஆழம். நடைமுறையில இத விட குறைவாதான் வரும், ஆனா நம்ம எழுத்தோட கோடெல்லாம் சேத்தாலும் 1 சதுர சென்டிமீட்டர் தேறாது. அதனால பெரிய பேட்டரி சார்ஜர தூக்கிட்டு வராதீங்க, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம். 9 வோல்ட் பேட்டரியில கூட வேலை நடக்கும், மெதுவா.

என்னென்ன வேணும்

12 வோல்ட் டிசி அடாப்டர், ரெண்டு கலர் ஒயர், ஒரு க்ரொக்கடைல் கிளிப், தட்டையான தலை உள்ள ஒரு ஸ்டெயின்லெஸ் போல்ட், அத பிடிக்க ஒரு மரத்துண்டு, பழைய காட்டன் துணி, உப்பு, ஆப்ப சோடா, இன்சுலேஷன் டேப், கையுறை, கண்ணாடி. இதோட வண்டியில போடற 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒண்ணு. இது எதுக்குன்னு கேப்பீங்க, பாசிட்டிவ் ஒயர்ல இத தொடரா மாட்டிட்டா துணி கிழிஞ்சு போல்ட் நேரா அலகுல பட்டாலும் அடாப்டர் தப்பிச்சிடும், பல்பு பளிச்சுனு எரிஞ்சு நமக்கு சொல்லிடும், சுமார் 2 ஆம்பியருக்கு மேல கரண்டும் போகாது. சரியா வேலை நடக்கும்போது பல்பு மங்கலா இருக்கும் இல்ல எரியவே எரியாது, அது கோளாறு இல்ல.

ஒரு விஷயம் கறாரா சொல்லிடறேன், வீட்டு கரண்ட்ல இருந்து நேரா இறக்கறது, கெப்பாசிட்டர் வெச்சு வோல்டேஜ குறைக்கறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கையில ஈரத்துணி, மடியில இரும்பு, அடாப்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ நடுவுல இருந்தே ஆகணும்.

மாட்டற வேலை

பாசிட்டிவ் ஒயர் பல்பு வழியா க்ரொக்கடைல் கிளிப்புக்கு. நெகட்டிவ் ஒயர் போல்ட்டுக்கு, ரெண்டு நட்டுக்கு நடுவுல ஒயர இறுக்கினா போதும், போல்ட்ட மரத்துண்டுல ஓட்டை போட்டு சொருகிக்கோங்க. போல்ட் தலைய துணியால மூணு நாலு மடிப்பு சுத்தி ரப்பர் பேண்ட் போட்டா முத்திரைக்கட்டை மாதிரி ஆயிடும்.

எது பாசிட்டிவ்னு சந்தேகமா இருந்தா அடாப்டர்ல இருந்து வர்ற ரெண்டு செம்பு ஒயர் முனையையும் ஒண்ணோட ஒண்ணு படாம உப்புத்தண்ணியில விடுங்க, நிறைய குமிழி வர்றது நெகட்டிவ். இத தலைகீழா மாட்டினா கத்தியில ஒண்ணும் நடக்காது, போல்ட்டுதான் கரையும், துணி அழுக்காகறத பாத்து ஆஹா வேலை நடக்குதுன்னு பத்து நிமிஷம் ஒக்காந்திருப்போம், நான் ஒக்காந்திருக்கேன்.

கருப்பு நிறமும் வேணும்னா ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடறது) வேணும். டிசி பள்ளம் பண்ணும், ஏசி கரைச்சதையே ஆக்சைடா அங்கயே படிய வெச்சு கருப்பாக்கும். இதுக்கு அடாப்டருக்கு பதிலா 12 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏசிய டிசியா மாத்தற ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஆறு கால் (DPDT) சுவிட்ச். பிரிட்ஜோட ஏசி கால் ரெண்டும் டிரான்ஸ்ஃபார்மர்லயே நிரந்தரமா இருக்கட்டும், சுவிட்ச்சோட நடு கால் ரெண்டுல இருந்து கிளிப்புக்கும் போல்ட்டுக்கும் ஒயர், ஒரு பக்க ஜோடிக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஏசி, மறு பக்க ஜோடிக்கு பிரிட்ஜோட பிளஸ் மைனஸ். இத மாத்தி, சுவிட்ச்ச டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வெச்சு, பிரிட்ஜ் வெளியீட்ட கிளிப் ஒயரோடயே சேத்து விட்டீங்கன்னா ஏசிக்கு தட்டும்போது டையோடு வழியா ஷார்ட் ஆகும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வர்ற பக்கம் ஃபியூஸ் போடுங்க, 230 வோல்ட் வர்ற இணைப்பு எதுவும் பெட்டிக்கு வெளிய தெரியக்கூடாது. ஒயரிங் பழக்கம் இல்லாதவங்க அடாப்டரோட நின்னுக்கலாம், முதல் நாலஞ்சு கத்திக்கு அது போதும்.

ஸ்டென்சில்

எழுத்து இடத்த மட்டும் திறந்து விட்டு மத்தத மூடற மூடிதான் ஸ்டென்சில். நல்லா வர்றதும் சொதப்பறதும் இங்கதான், கரண்ட் குடுக்கற பெட்டியில இல்ல. சுலபமான வழி நெயில் பாலிஷ், அலகுல பூசி நல்லா காய விட்டு (அவசரப்பட்டு அரைகுறையா காஞ்சதுல கீறினா ஓரம் பிஞ்சு வரும்) ஊசியால எழுதுங்க, கோடு அடியில உலோகம் பளபளன்னு தெரியணும். கையெழுத்து மாதிரி அழகா வரும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வேணும்னா வினைல் ஸ்டிக்கர வெட்டி ஒட்டறது நல்லது, எழுத்து பாகத்த உரிச்சு எடுத்துட்டு சுத்தி இருக்கறத விடணும். மூணு சுழி ண, ரெண்டு சுழி ன எல்லாம் இருந்தா சுழிக்குள்ள இருக்கற குட்டித்துண்டு எழுத்தோட சேந்து உரிஞ்சு வந்துரும், அத தனியா சாமணத்தால எடுத்து ஒட்டணும், பொறுமை சோதிக்கும். ரொம்ப பொடி எழுத்தா போடாதீங்க, கரையும்போது பக்கவாட்டுலயும் கொஞ்சம் தின்னும், சுழியெல்லாம் அடைஞ்சு போயிரும்.

ஒட்டறதுக்கு முன்னாடி கடைசி உப்புத்தாள் வேலை, பாலிஷ் எல்லாம் முடிஞ்சிருக்கணும், அப்புறம் அசிட்டோன்ல துடைச்சிட்டு அந்த இடத்த விரலால தொடக்கூடாது, விரல் எண்ணெய் இருந்தா ஸ்டென்சில் பிடிக்காது. ஸ்டென்சில சுத்தி நாலு பக்கமும் அகலமா டேப் போடுங்க, ஈரம் எங்க ஓடினாலும் அங்க கறை விழும். கத்தி முனைக்கும் ஒரு டேப், அது உங்க விரலுக்கு.

ஒத்தடம்

200 மில்லி வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் உப்பு. துணிய நனைச்சு பிழிஞ்சிருங்க, சொட்டக்கூடாது. கிளிப்ப அலகோட வெறும் உலோகத்துல மாட்டுங்க. ஜன்னல திறந்து வைங்க, ஹைட்ரஜன் வரும், உப்பு இருக்கறதால லேசா குளோரின் வாடையும் வரலாம்.

இப்ப அடிபட்ட இடத்துக்கு ஒத்தடம் குடுப்போம்ல, அதே மாதிரி வெச்சு 3 இல்ல 4 செகண்ட், எடுங்க, மறுபடி வைங்க. சொய்ங்னு ஒரு சத்தம் வரும், புகை மாதிரி ஆவி வரும். அழுத்தி பிடிச்சு அப்படியே வெச்சிருக்கணும்னு கை துடிக்கும், நானும் முதல் கத்தியில அப்படித்தான் முழுசா அரை நிமிஷம் வெச்சேன், சூட்டுல ஸ்டென்சில் பசை இளகி ஓரம் தூக்கி எழுத்து எல்லாம் மழையில நனைஞ்ச மை மாதிரி பரவிருச்சு, அத தேய்ச்சு எடுக்க ஒரு சாயங்காலம் போச்சு. எடுத்து எடுத்து வைக்கறதுல சூடும் ஆறும், குமிழியும் வெளிய போகும். 15 தடவை ஒத்தின அப்புறம் துணிய பாருங்க, கரும்பழுப்பு சேறு ஒட்டியிருக்கும், துணிய திருப்பி சுத்தமான பக்கத்த வெச்சுக்கோங்க, சேறு சேந்தா அங்கங்க கரையாம திட்டு திட்டா வரும். 20ல இருந்து 30 ஒத்தடத்துல நகம் தட்டுற ஆழம் வந்துரும். அப்புறம் ஏசி இருந்தா ரெண்டு மூணு தடவை, ரெண்டு ரெண்டு செகண்ட், அவ்ளோதான், அதுக்கு மேல போனா கருப்பு பொடியா உதிரும்.

அந்த துணிய வெறும் கையால தொடாதீங்க. ஸ்டெயின்லெஸ்ல 10 சதவீதத்துக்கு மேலயே குரோமியம் இருக்கு, அது கரைஞ்சு துணிக்குத்தான் வருது, குரோமியத்தோட சில சேர்மம் நல்ல விஷம். சமையல் பாத்திரத்துல உப்புத்தண்ணி கலக்கவும் வேண்டாம்.

கழுவறது

ஸ்டென்சில உரிக்கறதுக்கு முன்னாடியே ஆப்ப சோடா கலந்த தண்ணியால துடைச்சு, அப்புறம் உரிச்சிட்டு மறுபடி துடைச்சு, நல்ல தண்ணியில கழுவி, உடனே துடைச்சு எண்ணெய் தடவுங்க. உப்புல இருக்கற குளோரைடு பள்ளத்துக்குள்ள தங்கிட்டா ஸ்டெயின்லெஸ்லயே துரு புள்ளி புள்ளியா வரும், கார்பன் ஸ்டீல்னா மறுநாள் காலையிலயே எழுத்து செவப்பா இருக்கும்.

முதல் தடவையே நல்ல கத்தியில கை வைக்காதீங்க, அதே ஸ்டீல்ல ஒரு வெட்டுத்துண்டு இருந்தா 10, 20, 30 ஒத்தடம்னு தனித்தனியா போட்டு பக்கத்துல எண்ணிக்கைய எழுதி வெச்சுக்கோங்க. சாணை பிடிக்கறத எல்லாத்துக்கும் கடைசியா வைங்க, ஈரக்கையும் கூரான முனையும் ஒரே மேசையில ஒத்து வராது.