பழைய பைக் புகைப் பரிசோதனையில் தவறினால்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) வைத்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக் புகைப் பரிசோதனையில் தவறிவிட்டதா? உடனே எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அளவுகளில் எது எகிறியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 2000 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ் 4 புகை விதிக்கு முந்தைய வண்டி என்றால் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கலாம்.

கார்பன் மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்று பொருள். அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், முழுதாகத் திரும்பாத சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் லீவர்), இந்த இரண்டையும் பாருங்கள்; பெரிய செலவில்லை. அப்புறம்தான் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குரூ. சில கார்புரேட்டர்களில் அது காற்றைக் கட்டுப்படுத்தும், சிலவற்றில் பெட்ரோலை. இரண்டுக்கும் திருப்பும் திசை நேரெதிர். எது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

ஹைட்ரோகார்பன் மட்டும் கூடினால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. ஸ்பார்க் பிளக், டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து) பார்க்க வேண்டும். பிளக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் சைலன்சரில் நீலப் புகையும் இருந்தால், சரி, எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து எரிகிறது; அது பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வேலை, டியூனிங்கில் தீராது.

மறு பரிசோதனைக்குப் போகும்போது கால் மணி நேரமாவது ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் காட்டுங்கள்.