உப்புக்காற்றில் வெண்கலக் குதிரைச் சிலை: கழுவுதலும் மெழுகு பூசுதலும்

கருப்பினக் குதிரைப்படை வீரர்களுக்கு 1992இல் அமெரிக்காவின் கான்சாஸில், லெவன்வர்த் கோட்டையில் வெண்கலச் சிலை திறந்தார்கள். அங்கே கடல் இல்லை. அப்படியொரு சிலை புதுச்சேரிக் கடற்கரையில் நின்றால் உப்புதான் முதல் எதிரி.

பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், ஓய்ந்தபின் பிப்ரவரியிலும் நல்ல தண்ணீர், மென்மையான பிரஷ், காரமில்லாத சோப்பு கொண்டு கழுவுங்கள். சேணமும் கடிவாளமும் ஒட்டும் மடிப்புகளில் உப்பு ஒளிந்திருக்கும்; அங்கே அவசரப்படாதீர்கள். குத்துவிளக்குக்குப் போடும் புளி கூடவே கூடாது, மேல்நிறம் உரிந்துவிடும்.

வயிற்றடி வடிதுளைகளில் அடைப்பு எடுங்கள். உள்ளே நீர் தேங்கினால் இரும்புச் சட்டம் துருவேறிப் பருத்து, எடை தாங்கும் கால்கள் வெடிக்கும்.

வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால் மெழுகால் மூடாதீர்கள். அது உலோகத்தைத் தின்னும் குளோரைடு, வல்லுநர் பார்க்கட்டும். மற்ற இடங்களில், முழுக்க உலர்ந்தபின், மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லியதாகப் பூசிப் பருத்தித் துணியால் தேயுங்கள்.