நேட்டாலுக்குக் கப்பலேறிய பாட்டனின் ஊரைக் கண்டுபிடிக்க

வேலூர்ப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பூர்வீக ஊரைத் தேடி வரும் குடும்பங்களுக்கு என்னாலான உதவி செய்து வருகிறேன். வருகிறவர்களிடம் முதலில் ஓர் எண்ணைத்தான் கேட்பேன்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதுமுதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனார்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள். பழைய திருமணச் சான்றிதழிலோ பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலோ அது இருக்கலாம். ஆகவே வீட்டுப் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள். குடும்பப் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். அங்கே பாட்டன் பெயரே குடும்பப் பெயரானதுண்டு. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று பிரிந்ததும் உண்டு.

எண் கிடைத்தால் கப்பல் பட்டியலைப் பார்க்கலாம். குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அதைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று கட்டங்கள் இருக்கும். முன்னும் பின்னும் உள்ள எண்களையும் அவசியம் பாருங்கள். மனைவி, பிள்ளைகள், தம்பி அடுத்தடுத்த எண்களில் இருக்கலாம். உடல் அடையாளக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ‘இடது முழங்காலில் தழும்பு’ என்கிற ஒரு வரிதான் பல குடும்பங்களுக்கு அந்த மனிதரின் ஒரே படம்.

ஊரைத் தேடும்போது ஜில்லா, தாலுகா, கிராமம் என்று மேலிருந்து கீழே வாருங்கள். வட ஆற்காடு என்றிருந்தால் இன்றைய வேலூரோடு நிறுத்திவிட வேண்டாம். சித்தூர் 1911-ல் தனி மாவட்டமாகி இன்று ஆந்திராவில் இருக்கிறது. வந்தவாசி, போளூர் திருவண்ணாமலைக்குப் போயின. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கிராமப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அதை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

ஒரே தாலுகாவில் ஒரே பெயரில் இரண்டு ஊர் வந்தால் குலதெய்வம்தான் வழி. வீட்டுப் பெரிய பெண்களிடம் கேளுங்கள்: எந்தச் சாமிக்கு முதல் மொட்டை, எதற்குக் கிடா வெட்டு, எதற்குப் பொங்கல்? டர்பனில் தலைமுறை தாண்டியும் இதை மறக்காத வீடுகள் உண்டு.

பட்டா, சிட்டாவில் தேடி நாளை வீணாக்காதீர்கள். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். அவர்கள் பெயர் வருவாய்க் கணக்கில் ஏறியிருக்காது. ஊருக்குள் நுழைந்ததும் “சொத்து கேட்டு வரவில்லை, சொந்தம் தேடி வந்திருக்கிறோம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாததால் தெரிந்தவர்களே வாய் திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஊர்த் தெருவோடு நிற்காமல் காலனிக்கும் போய் விசாரியுங்கள். சாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதைக் கூசாமல் சொன்னால்தான் சரியான தெருவைக் காட்டுவார்கள்.

போவதற்கு ஆடி மாதமே நல்லது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வெளியூர் போன பங்காளிகளும் வந்திருப்பார்கள். எல்லோரையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம்.