கேம் டிசைன் வகுப்பில் முதல் பிட்ச்: கதையைக் கடைசியில் சொல்லுங்கள்

வகுப்பில் பிட்ச், அதாவது செய்யப்போகும் கேமின் ஐடியாவைச் சுருக்கமாக எடுத்துச் சொல்வது, என்றதும் பலரும் கதையில்தான் ஆரம்பிப்பார்கள். சாபம் விழுந்த ராஜ்ஜியம், காணாமல்போன தங்கை என்று கொடுத்த நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். “சரி, இதில் பிளேயர் என்ன செய்வார்?” என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதிலை முதலிலேயே தயார் செய்துகொள்ள நான் பின்பற்றும் வழி இது. கேம் எஞ்சின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) இன்ஸ்டால் செய்வது, ஸ்லைடு போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: பிளேயரின் வேலை என்ன?

டெட்ரிஸில் (1984) விழும் கட்டையைத் திருப்பி இடம் பார்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். பேப்பர்ஸ், ப்ளீஸ் (2013) கனமான கதை உள்ள கேம். ஆனால் அதிலும் நம் வேலை எல்லைச் சாவடியில் உட்கார்ந்து ஆவணங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான். கதை அந்த வேலை வழியாகவே வருகிறது. உங்கள் கேமில் பிளேயரின் கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ‘உணர்வார்’, ‘புரிந்துகொள்வார்’ எல்லாம் செல்லாது.

படி 2: அதில் ஒரு சிக்கலை வையுங்கள்

பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். “பேய் வீட்டிலிருந்து தப்பிக்கும் கேம்” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவருக்கும் விளையாடத் தோன்றாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இருட்டு வீடு, கையில் ஒரு டார்ச். அடித்தால் வழி தெரியும், ஆனால் நீங்கள் இருக்கும் இடம் பேய்க்கும் தெரிந்துவிடும்.” இப்போது கேட்பவர் மனதுக்குள் விளையாட ஆரம்பித்துவிடுவார். ஒரே செயலில் லாபமும் ஆபத்தும் சேர்ந்து இருக்க வேண்டும். அது கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: காகிதத்தில் விளையாடுங்கள்

யூனிட்டி, கோடோ என எந்த எஞ்சினையும் இப்போது திறக்க வேண்டாம். முதல் ப்ரோட்டோடைப்புக்கு (சோதனை மாதிரிக்கு) காகிதத்தை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் உறுதியான கருத்து. 36 சிறு அட்டைகளை ஆறுக்கு ஆறாகக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றில் சாவி, ஒன்றில் கதவு, சிலவற்றில் குழி. எதிரெதிர் மூலைகளில் இரண்டு நாணயங்கள்: நீங்கள், பேய். பக்கத்து அட்டையைத் திருப்பிப் பார்ப்பதுதான் டார்ச் அடிப்பது; பார்த்தால் பேய் இரண்டு கட்டம் நெருங்கும். பார்க்காமல் கால் வைத்தால் பேய் நகராது, ஆனால் குழியில் விழலாம்.

குழி நான்குதான் என்றால் யாரும் டார்ச்சைத் தொடவே மாட்டார்கள். அதைப் பத்தாக்குங்கள், விளையாடுபவரின் விரல் அட்டைமேல் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கத்தை வீடியோ எடுத்து வையுங்கள், பிட்சில் காட்டுவதற்கு அதைவிட நல்லது கிடைக்காது.

படி 4: வெட்டுங்கள்

ஓப்பன் வேர்ல்ட் (எங்கும் சுற்றித் திரியும் பெரிய உலகம்), ஆன்லைன் மல்டிபிளேயர் இரண்டையும் தூக்கிவிடுங்கள். ஒரு வீடு, ஒரு பேய் போதும். அமெரிக்காவில் கேம் உருவாக்கம் கற்பிக்கும் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் செய்த நார்பாகுலர் டிராப் சின்ன கேம்தான், ஆனால் போர்ட்டல் என்ற மாய வாசல் ஒன்றில் புகுந்து இன்னொன்றில் வெளியே வரும் ஐடியா அதில் விளையாடும் நிலையில் இருந்தது. அதைப் பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்தக் குழுவை வேலைக்கு எடுத்தது. அந்த ஐடியாவை வைத்து 2007இல் போர்ட்டல் என்ற கேம் வந்தது.

படி 5: சொல்லும் வரிசை

முதலில் படி 2இல் கிடைத்த அந்த ஒரு வாக்கியம். அடுத்து விளையாடும் வீடியோ. அப்புறம் செமஸ்டருக்குள் எவ்வளவு முடியும் என்பது. கதை கடைசியில், இரண்டு வரி. ஸ்லைடுக்கு கூகுள் ஸ்லைட்ஸ் போதும். அலங்கார டெம்ப்ளேட்டுகள் வேண்டாம், கண் அங்கேதான் போகும். டிஜிட்டல் டெமோ இருந்தால் திரையைப் பதிவு செய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் முன்பே பதிவு செய்துவிடுங்கள். வகுப்புக் கம்ப்யூட்டரை நம்பி நேரடியாக ஓட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர், “எங்களுடையது கதையே முக்கியமான கேம், என்ன செய்வது?” என்று கேட்டிருந்தார்கள். அங்கே பிளேயரின் வேலை தேர்ந்தெடுப்பது. எந்தப் பதிலைச் சொன்னாலும் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிற மாதிரி ஒரே ஒரு உரையாடலை, கிளை பிரியும் கதைகளை உருவாக்கும் கருவியான ட்வைனில் செய்து, வகுப்பில் ஒருவரை அழைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இதற்குக் காகிதம் சரிப்படாது, அடுத்த கிளை கண்ணில் பட்டுவிடும்.