மண்டபம் வடகடலில் கடற்புல் வரைபடம்: ஆழம் ஏமாற்றாமல் இருக்க

கியூஜிஐஎஸ் (இலவச வரைபட மென்பொருள்) நிறுவி, படம் திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோளின் எல்2ஏ (வளிமண்டலத்தின் பாதிப்பை நீக்கிய) படம் எடுங்கள். வாடைக் காலத்துப் படம் வேண்டாம், பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காற்றில்லாத நாளாகப் பாருங்கள். 2 (நீலம்), 3 (பச்சை), 8 (அகச்சிவப்பு) ஆகிய ஒளிப்பட்டைகள் போதும். மூன்றிலும் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர்.

2. பட்டை 8-இல் தண்ணீர் கறுப்பாகவும் கரை வெளிச்சமாகவும் தெரியும். அதை வைத்து நிலத்தை வெட்டிவிடுங்கள்.

3. நான் சறுக்கியது இங்கேதான். முதல் வரைபடத்தில் வடக்கே பெரிய புல்வெளி வந்தது. வள்ளத்தில் கூட்டிப்போனவர் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "அங்க புல்லு ஏது தம்பி? அது பள்ளம்." ஆழமான மணலும் மேலிருந்து பார்த்தால் புல் மாதிரியே இருண்டுதான் தெரியும்.

ஆழத்தால் வரும் இந்த இருட்டைக் கழிக்க லைசெங்கா முறை இருக்கிறது. வெவ்வேறு ஆழத்தில், ஆனால் மணல் மட்டுமே உள்ள ஐம்பது பிக்சல்களை எடுங்கள். நீலம் (பட்டை 2), பச்சை (பட்டை 3) இரண்டுக்கும் லாக் போடுங்கள். நீல லாக்கின் வேரியன்ஸிலிருந்து (மதிப்புகளின் பரவல் அளவு) பச்சை லாக்கின் வேரியன்ஸைக் கழித்து, கோவேரியன்ஸின் (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) இரு மடங்கால் வகுத்தால் வருவது அ. அதன் வர்க்கத்தோடு 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதோடு அ-வைக் கூட்டினால் விகிதம் கிடைக்கும். லிப்ரேஆபிஸ் கால்க்கில் ஐந்து நிமிட வேலை. பிறகு ராஸ்டர் கால்குலேட்டரில்: நீல லாக் − விகிதம் × பச்சை லாக். இப்போது ஒரு மீட்டர் மணலும் நாலு மீட்டர் மணலும் ஏறக்குறைய ஒரே நிறம்.

4. மணல், கடற்புல், பவளப்பாறை என மூன்று வகை போதும். படத்தை வகைபிரிக்க எஸ்சிபி நல்ல கியூஜிஐஎஸ் செருகுநிரல்தான், ஆனால் அதன் பொத்தான்களிலேயே புதியவர் மூழ்கிவிடுவார். நான் ட்சேட்சாகா என்ற இன்னொரு செருகுநிரலில் ரேண்டம் ஃபாரஸ்ட் (மாதிரிப் புள்ளிகளைப் பார்த்துக் கற்று வகைபிரிக்கும் முறை) போடுகிறேன். அதற்கு சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

5. அந்த மாதிரிப் புள்ளிகளுக்கு, கம்பில் கட்டிய கேமராவோடு கடலுக்குப் போய், எங்கே எந்த வகை என்று பாருங்கள். எடுத்த புள்ளிகளில் மூன்றில் ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுக்காமல் ஒதுக்கி, வரைபடத்தைச் சரிபார்க்க வையுங்கள். எனக்கு அதிகம் குழம்பியது புல்லும் பாறைமேல் பாசியும்தான்.

பின்சேர்க்கை: விகிதம் தாறுமாறாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கோப்பின் பெயரில் என்0400 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருந்தால் (2022 ஜனவரி 25 முதல் வந்தவை, மறுபடி செயலாக்கிய பழையவையும்) ஒவ்வொரு மதிப்பிலும் 1000 கூடுதலாக இருக்கும். லாக் போடும் முன் அதைக் கழியுங்கள். கழித்தபின் சுழியாகவோ அதற்குக் கீழாகவோ போகும் பிக்சல்களை விட்டுவிடுங்கள்.