கரிம வேதியியல்: எலக்ட்ரானின் போக்கைப் பார்த்துப் படிக்கும் முறை

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலுக்குச் சிறந்த தேர்ச்சி பெற்று ஆறாம் படிவத்துக்கு வரும் மாணவர்களில் பலர், மூன்றாம் பருவத்தில் கரிம வேதியியலைத் தொட்டதும் திணறுவதைப் பினாங்கில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எவரும் கண்டிருப்பார்கள். ஐந்தாம் படிவத்தில் கார்பன் சேர்மங்கள் ஒரே ஓர் அத்தியாயம்தான். ஆல்க்கேன், ஆல்க்கீன், ஆல்கஹால், கார்பாக்சிலிக் அமிலம், எஸ்டர் என்று சிலவற்றை மனப்பாடம் செய்தே கரையேறிவிடலாம். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.-இன் மூன்றாம் பருவமோ முழுக்க முழுக்க அதுவே. பென்சீன், ஹாலோஆல்க்கேன், ஆல்டிகைடு, கீட்டோன், அமீன், அமினோ அமிலம், பல்லுறுப்பி என்று வரிசையாக வரும்போது, வினைகளைத் தனித்தனியாக உருப்போட முயல்பவர்கள் இரண்டாவது மாதத்திலேயே களைத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் கல்வி பயிலும் மாணவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

ஒவ்வொரு வினையிலும் எலக்ட்ரான்கள் எங்கே மிகுதியாக உள்ளன, எங்கே குறைவாக உள்ளன, எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று கேட்டுப் பழகுவதே இதற்கு வழி. அப்படிக் கேட்பதற்கு முதல் பருவப் பாடங்களில் மூன்று கைவசம் இருக்க வேண்டும்: மின்கவர் தன்மை (பிணைப்பு எலக்ட்ரான்களை ஓர் அணு தன்பக்கம் இழுக்கும் திறன்), இனக்கலப்பு (அணுவின் ஆர்பிட்டால்கள் கலந்து புதிய ஆர்பிட்டால்கள் ஆவது), தனித்த எலக்ட்ரான் இணை (பிணைப்பில் பங்கேற்காத இணை). இவற்றில் தடுமாற்றம் உள்ளவர் முதலில் அங்கே திரும்பிச் சென்று ஒரு வாரம் செலவிடட்டும். அந்த வாரம் வீணாகாது.

புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும் வினையை எடுத்துக்கொள்வோம். இரட்டைப் பிணைப்பின் பை எலக்ட்ரான்கள் அணுக்களின் தளத்துக்கு மேலும் கீழும் செறிந்து கிடக்கின்றன. புரோமின் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதால் ஹைட்ரஜன் சற்று நேர்மின் தன்மை பெறுகிறது. ஆகவே எலக்ட்ரான் இணையின் நகர்வைக் காட்டும் முதல் வளைந்த அம்புக்குறி இரட்டைப் பிணைப்பில் தொடங்கி ஹைட்ரஜனில் முடிய வேண்டும். இரண்டாவது, ஹைட்ரஜனுக்கும் புரோமினுக்கும் இடையிலுள்ள பிணைப்பில் தொடங்கிப் புரோமினில் முடிய வேண்டும். ஹைட்ரஜன் ஓரத்துக் கார்பனில் சேர்ந்தால் நேர்மின்சுமை நடுக் கார்பனில் நிற்கும். அதன் இருபுறமும் உள்ள மெத்தில் தொகுதிகள் எலக்ட்ரானைத் தள்ளிக்கொடுத்து அச்சுமையைத் தணிக்கும். நடுக் கார்பனில் சேர்ந்தாலோ சுமை ஓரத்தில் நிற்கும். அதைத் தணிக்க ஒரே ஓர் எத்தில் தொகுதிதான் உண்டு. முதல் வழியில் உருவாகும் கார்பன் நேரயனி அதிக நிலைப்புத்தன்மை உடையது என்பதால் 2-புரோமோபுரோப்பேன் பெருமளவில் விளைகிறது.

ரஷ்ய வேதியியலாளர் மார்க்கோவ்னிகோவ் இந்தப் போக்கை 1870-இல் விதியாக வெளியிட்டபோது எலக்ட்ரான் கண்டறியப்படவே இல்லை, ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897-இல். மார்க்கோவ்னிகோவுக்குக் கிடைத்தது விதி மட்டுமே. இன்றைய மாணவருக்குக் காரணம் கையில் இருக்கும்போது, விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. பெராக்சைடு முன்னிலையில் இதே வினை 1-புரோமோபுரோப்பேனைத் தரும் என்றதும் விதியை மட்டும் படித்தவர் குழம்புவார். காரணம் அறிந்தவரோ, அங்கே இரட்டைப் பிணைப்பை முதலில் தொடுவது ஹைட்ரஜன் அல்ல, புரோமின் தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட புரோமின் அணு) என்பதைக் கவனித்து, தனி எலக்ட்ரான் நடுக் கார்பனில் நிற்பதற்காகப் புரோமின் ஓரத்தில் சேர்கிறது என்று தாமே சொல்லிவிடுவார்.

அம்புக்குறி வரைவதில் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை, ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பைத் தொடங்குவது. அதனிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரானே இல்லை. அம்பு எப்போதும் ஒரு பிணைப்பிலோ தனித்த இணையிலோதான் தொடங்கும். ஒவ்வொரு படியையும் வரைந்து முடித்தவுடன், எந்தக் கார்பனுக்காவது ஐந்து பிணைப்புகள் வந்துவிட்டனவா, இருபுறமும் மொத்த மின்சுமை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலைதான்.

ஒரே காரணம் எத்தனை கேள்விகளுக்கு விடையளிக்கும் என்பதற்கு அமிலங்களைப் பார்க்கலாம். ரப்பர் பாலை உறைய வைக்கத் தோட்டங்களில் பயன்படும் மெத்தனோயிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பு (இது குறையக் குறைய அமிலம் வலிமையானது) 3.75, காடியிலுள்ள எத்தனோயிக் அமிலத்துக்கு 4.76. அதாவது முன்னது ஏறக்குறைய பத்து மடங்கு வலிமையானது. ஹைட்ரஜன் அயனி பிரிந்த பிறகு எஞ்சும் எதிரயனியைப் பாருங்கள். எத்தனோயேட்டில் உள்ள மெத்தில் தொகுதி, ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள இடத்துக்கு மேலும் எலக்ட்ரானைத் தள்ளி அதன் நிலைப்பைக் குறைக்கிறது. மெத்தனோயேட்டில் அந்தத் தொல்லை இல்லை. மெத்திலில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் குளோரின் வந்தால் அது எலக்ட்ரானை இழுத்துச் சுமையைப் பரப்பும் என்று ஊகிக்கலாம். குளோரோஎத்தனோயிக் அமிலத்தின் மதிப்பு 2.86 என்பது அந்த ஊகத்தை உறுதிப்படுத்துகிறது. எத்தனால் ஏறத்தாழ 16-லும் பீனால் 10-லும் நிற்பதற்கும் இதே வகையில்தான் விடை தேட வேண்டும்: பீனாக்சைடின் சுமை பென்சீன் வளையத்துக்குள் பரவுகிறது, எத்தாக்சைடின் சுமைக்கு அப்படிப் பரவ இடமில்லை.

இனி, தொகுப்பு வினைக் கேள்விகள். எத்தனாலிலிருந்து 2-ஹைட்ராக்சிபுரோப்பனோயிக் அமிலத்தைத் தயாரிக்கச் சொன்னால் பலரும் எத்தனாலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். விளைபொருளிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். இம்முறையை ஒழுங்குபடுத்தியதற்கே ஈ.ஜே. கோரி 1990-இல் நோபல் பரிசு பெற்றார். விளைபொருளில் மூன்று கார்பன்கள், தொடக்கப்பொருளில் இரண்டு. ஒரு கார்பன் கூடியிருப்பதால், ஒரு கார்பனைக் கொண்டுவந்து சேர்க்கும் சயனைடு இடையில் வந்திருக்கிறது என்பது தெளிவு. அமிலத் தொகுதி நைட்ரைல் (கார்பன்-நைட்ரஜன் முப்பிணைப்புத் தொகுதி) நீராற்பகுப்படைந்து வந்தது. அடுத்துள்ள ஹைட்ராக்சில், ஆல்டிகைடுடன் ஹைட்ரஜன் சயனைடு சேர்ந்ததால் வந்தது. அந்த ஆல்டிகைடு எத்தனால். பெயரில் ‘எத்தனால்’ என்று ஆல்கஹாலும் ஆல்டிகைடும் தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரியும் என்பதால், பின்னதை அசிட்டால்டிகைடு என்றே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நல்லது. ஆல்கஹாலை அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டுடன் சூடாக்கி, அசிட்டால்டிகைடு உருவாக உருவாகக் காய்ச்சி வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அது எத்தனோயிக் அமிலமாகிவிடும். கார்பனைல் தொகுதி தட்டையானது என்பதால் சயனைடு இருபுறமிருந்தும் சம வாய்ப்புடன் தாக்கும். எனவே இறுதியில் இரு ஒளியியல் மாற்றியங்களும் (ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான மூலக்கூறுகள்) சம அளவில் கிடைக்கும். இந்த ஒரு கேள்வியில் நான்கு பாடங்கள் அடங்கியிருக்கின்றன.

படிப்பதற்குக் கை வேலை வேண்டும். ஒரு பெரிய மணிலா அட்டையில் வினைச்செயல் தொகுதிகளை எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்பிட்டு, அம்பின் மேல் வினைப்பொருளையும் கீழே வெப்பநிலை, கரைப்பான் முதலிய நிபந்தனைகளையும் குறியுங்கள். 2-புரோமோபுரோப்பேனுக்கு நீரில் கரைந்த சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் புரோப்பன்-2-ஆல், எத்தனாலில் கரைத்துச் சூடாக்கினால் பெரும்பாலும் புரோப்பீன். நிபந்தனையை எழுதாத வரைபடம் பாதி வரைபடமே. அச்சிட்ட வரைபடங்கள் கடைகளில் கிடைக்கின்றன என்றாலும், வரையும்போதுதான் மனத்தில் பதிகிறது. பிறகு வெற்றுத்தாளில் நினைவிலிருந்து வரைந்து, விடுபட்டதைச் சிவப்பு மையால் நிரப்பி, இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் மீண்டும் வரையுங்கள். குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் தெரிந்தது போன்ற எண்ணம் வருமே தவிர, தேர்வு மண்டபத்தில் அது உதவாது. முப்பரிமாண அமைப்புக்குக் களிமண்ணும் பல்குத்தும் குச்சியும் போதும். பிரத்தியேக வகுப்புக்குப் போகிறவர்களும் இந்த வேலையைத் தாமேதான் செய்தாக வேண்டும். நண்பருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டு, விடையைத் தேர்வு மொழியில் எழுதிப் பழகலாம்.

புதிய மூலக்கூறைக் கண்டு அஞ்சாதிருக்க, சுற்றியுள்ள பொருள்களை எடுத்துப் பயிற்சி செய்யலாம். பினாங்கின் பாலிக் புலாவ் பக்கத்துக் கிராம்பில் உள்ள யூஜினாலின் அமைப்பை வரைந்தால் பீனால் தொகுதி, ஈதர், பக்கச் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு என மூன்றும் தெரியும். அது புரோமின் நீரை நிறமிழக்கச் செய்யுமா, சோடியம் ஹைட்ராக்சைடில் கரையுமா என்று காரணத்துடன் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் விடை ஆம்.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதும்போது, வேறுபடுத்திக் காட்டும் சோதனைகளில் தனிக் கவனம் தேவை. புரோப்பன்-1-ஆலையும் புரோப்பன்-2-ஆலையும் பிரித்தறிய அயோடினையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் சேர்த்து மிதமாகச் சூடாக்க வேண்டும் என்று எழுதி நிறுத்திவிடாமல், புரோப்பன்-2-ஆலில் மஞ்சள் நிற வீழ்படிவு தோன்றும் என்பதையும், புரோப்பன்-1-ஆலில் வீழ்படிவு தோன்றாது என்பதையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள்.