வீட்டில் கார் கழுவ என்னென்ன வாங்க வேண்டும்? முதல்முறை கழுவுபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

புது கார் வந்த முதல் ஆறு மாதம் என் ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதிரிதான் போனது. ஒரு வாளி தண்ணீர், ஒரு கைப்பிடி சலவைப் பவுடர், ஒரு பழைய பனியன் துணி. தேய்த்துக் கழுவி, அதே துணியைப் பிழிந்து துடைத்துவிடுவேன். ஒருநாள் இரவு பெட்ரோல் பங்க்கில் நின்றபோது மேலே இருந்த வெள்ளை விளக்கின் வெளிச்சம் பானெட்டில் விழுந்தது. அந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக நுண்ணிய கோடுகள். வண்டி கறுப்பு நிறம், ஒரு கோடுகூட மறையவில்லை. வெளியாள் யாரும் வண்டியில் கை வைத்தது கிடையாது. அத்தனை கோடும் நான் கழுவியதில் வந்தவை.

அதனால் ஒரு பொருளை வாங்கும்போது அழுக்கு போகுமா என்று மட்டும் பார்த்தால் போதாது. இது மண்ணை வண்டியிலிருந்து எடுக்கிறதா, வண்டியின் மேலேயே வைத்துத் தேய்க்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

கார் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். நம் கை படுவது இந்தக் கடைசிப் பூச்சில். அதன் தடிமன் பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது முடியைவிட மெல்லிய பூச்சு. மணலோ அதைவிடப் பல மடங்கு கடினமானது. பாலிஷ் போட்டால் கீறல் போகும் என்பார்கள். போகும்தான், ஆனால் ஒவ்வொரு பாலிஷும் இந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் கீறலை மறைக்கிறது.

படி 1: உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் குழாயைத் திறந்து பாருங்கள். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலை குறைவு. போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகள், அதிலும் கடலோர ஊர்களில் இருப்பவர்கள், கொஞ்சம் யோசிக்க வேண்டும். குளியலறைக் குழாயில் வெள்ளையாக உப்புப் படிகிறது என்றால் கார் கண்ணாடியிலும் கூரையிலும் அதேதான் படியும். தண்ணீர் காய்ந்துவிடும், அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும். வெயிலில் சுட்ட தகட்டின் மேல் காய்ந்த புள்ளி சாதாரணமாகத் துடைத்தால் போகாது.

பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்பின் அளவு தெரியும். இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. அந்த அளவுக்குள் இருந்தால் தைரியமாகக் கழுவலாம். 1000ஐத் தாண்டினால் கழுவக் கூடாது என்றில்லை. நிழலில் கழுவி, ஈரம் காயும் முன் ஒற்றி எடுத்துவிட்டால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து ஊற்றும் தண்ணீரை வீணாக்காமல் வண்டி கழுவப் பயன்படுத்துகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். அதை வாசல் தெளிக்கவும் டயர் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதற்குப் பதிலாக ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, உப்பே இல்லை என்று சொல்லலாம். மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு ஊற்றினால் புள்ளி விழாது. மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீர் கிடைத்தால் அதுவும் அப்படித்தான்.

படி 2: இரண்டு வாளி

15 அல்லது 20 லிட்டர் வாளி இரண்டு. ஒன்றில் ஷாம்பு கரைத்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு கதவைத் தேய்த்ததும் தேய்க்கும் கையுறையை (அடுத்த படியில் வருகிறது) வெறும் தண்ணீர் வாளியில் அலசி மண்ணை விட்டுவிட்டு, அப்புறம்தான் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். நிறம் வேறுவேறாக இருந்தால் அவசரத்தில் மாறிப் போகாது.

கிரிட் கார்ட் என்று வாளியின் அடியில் போடும் ஓட்டைத் தட்டு விற்கிறார்கள். உதிரும் மண் அதன் கீழே தங்கிவிடும், கையுறை மறுபடி அதைத் தொடாது. அலசும் வாளிக்கு ஒன்று வாங்குங்கள். சக்கரத்துக்குத் தனி வாளி வேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பாவே போதும்.

படி 3: தேய்க்கும் கையுறை

முதல் காசு இதற்குத்தான் போக வேண்டும். ஸ்பாஞ்சின் முகம் தட்டையானது. மண் போக இடமில்லாமல் ஸ்பாஞ்சுக்கும் பெயிண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உருளும். பனியன் துணியிலும் அதே கதை. வாஷ் மிட் என்று கேட்டு வாங்குங்கள், கையில் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் (மிக மெல்லிய செயற்கை இழை) கையுறை அது. நூல் நூலாக, புழு போலத் தொங்கும் முகமுள்ள ஷெனில் வகை எனக்குப் பிடித்தது. மண் துகள் அந்த நூல்களுக்குள் ஏறி, பெயிண்டை விட்டு விலகிவிடும். அலசும்போது உதிர்ந்தும் விடும். ஆட்டு ரோமத்தில் செய்ததும் உண்டு, தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காய்வதற்குள் நாற்றம் பிடித்துவிடும். தொடங்குபவர்களுக்கு ஷெனிலே சரி.

இரண்டு வாங்குங்கள். கூரை, பானெட், கதவின் மேற்பாதிக்கு ஒன்று. கதவின் கீழ்ப்பகுதிக்கும் பம்பருக்கும் இன்னொன்று.

படி 4: துடைக்கும் துணி

மைக்ரோஃபைபர் துணியின் அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 80/20 அல்லது 70/30. பாலியெஸ்டர் எவ்வளவு, பாலியமைடு எவ்வளவு என்பது அது. ஈரம் உறிஞ்சுவதில் பாலியமைடுக்குப் பங்கு உண்டு, நூறு சதவீதம் பாலியெஸ்டர் என்றால் வேண்டாம். இன்னொன்று ஜி.எஸ்.எம்., ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். பொதுவாகத் துடைக்க 300 முதல் 400 போதும். ஈரம் ஒற்ற 500க்கு மேல், தடித்த துணி ஒன்று பெரிய அளவில் இருந்தால் ஒரே துணியில் வேலை முடிந்துவிடும்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கெட்டியான நைலான் நூலால் தைத்திருந்தால் அந்த ஓரமே கீறும். மூலையில் தைத்திருக்கும் லேபிளைக் கத்தரித்துவிடுங்கள். வீட்டில் பழைய சிடி ஒன்று கிடந்தால் அதன் பளபளப்பான பக்கத்தில் துணியை அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சிடியில் கோடு விழுந்தால் காரிலும் விழும்.

தேங்காய்ப்பூத் துவாலையால் இழுத்துத் துடைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். குழந்தையின் தலையை ஒற்றுவது போல, துணியை விரித்துப் போட்டு மேலே மெதுவாக அழுத்தி எடுத்தால் போதும்.

ஒரு துணி தரையில் விழுந்துவிட்டதா? அன்றைக்கு அது பெயிண்டைத் தொடக் கூடாது. உதறினாலும் மண் போகாது.

படி 5: ஷாம்பு

கார் ஷாம்பு என்று எழுதியிருந்து, பி.எச். நடுநிலை (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்றும் இருந்தால் எடுக்கலாம். எந்தப் பிராண்ட் என்று நண்பர்கள் கேட்பார்கள், அந்த இரண்டு விஷயமும் லேபிளில் இருந்தால் பிராண்ட் எதுவானாலும் சரி என்பதுதான் என் பதில். ஷாம்புவின் முக்கிய வேலை வழுக்கலைத் தருவது. கையுறை வழுக்கிக்கொண்டு போனால்தான் மண்ணும் சேர்ந்து வழுக்கும்.

சலவைப் பவுடரில் சோடா இருக்கிறது, காரத்தன்மை அதிகம். சரியாகக் கரையாத துகள்கள் வேறு உரசும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது, வண்டியின் மேல் போட்டிருக்கும் மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். சோப்புக் கட்டி உப்புத் தண்ணீரில் நுரைக்காது, வெள்ளை ஆடையாகத் திரண்டு படியும். தலைக்குப் போடும் சாஷே ஷாம்புவைப் பலர் பயன்படுத்துகிறார்கள். சலவைப் பவுடரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல், ஊருக்குப் போன இடத்தில் வேறு வழியில்லை என்றால் பரவாயில்லை. ஆனால் முடிக்கென்று சேர்த்த கண்டிஷனர் கண்ணாடியில் மங்கலாக ஒட்டிக்கொள்ளும்.

அளவு லேபிளில் இருக்கும். அதற்கு மேல் ஊற்றினால் அலசுவதற்குத் தண்ணீர்தான் கூடுதலாகச் செலவாகும்.

படி 6: தண்ணீர் அடிக்கும் கருவி

பிரஷர் வாஷர் இல்லாமலேயே நன்றாகக் கழுவலாம், முதல் நாளே வாங்க வேண்டிய பொருள் அல்ல அது. கையுறை வைக்கும் முன் தளர்ந்த மண்ணை இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஹோஸ் பைப்பின் நுனியில் மாட்டும் துப்பாக்கி போதும். பைப் எட்டாத அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் பூச்செடிக்கு ஊற்றும் பூவாளியே அருமையாக வேலை செய்யும். கூரையிலிருந்து மெதுவாக ஊற்றினால் தண்ணீர் விரிந்து வழிந்து மண்ணை இழுத்துக்கொண்டு இறங்கும். இரண்டு லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயரும் நல்லது, ஆனால் பூச்சிமருந்து அடித்த பழையது வேண்டாம்.

பிரஷர் வாஷர் ஏற்கெனவே இருக்கிறது என்றால் முனையை ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். பெயிண்ட் பெயர்ந்த இடம், கதவு ரப்பர், டயரின் பக்கவாட்டு, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள்.

2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டதை நேரில் பார்த்தவன் நான். 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரால் வண்டி கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அதனால் தண்ணீர் குறைவான மாதங்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற திரவத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, துணியை முக்கிப் பகுதி பகுதியாகத் துடைத்து ஒற்றிவிடலாம், மறுபடி அலச வேண்டியதில்லை. தூசி படிந்த வண்டிக்கு இது போதும். சேற்றில் ஓடிவந்த வண்டிக்கு ஆகாது.

படி 7: சக்கரம், கண்ணாடி

சக்கரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தூள் பிரேக்கிலிருந்து வருவது, அதில் இரும்புத் துகள் உண்டு. அதற்கு மென்மையான பிரஷ் ஒன்றைத் தனியாக வையுங்கள். அமிலம் கலந்த வீல் கிளீனரைத் தொடங்குபவர்கள் தொட வேண்டாம், கார் ஷாம்புவே போதும். ஓட்டி வந்த சூட்டோடு கழுவாதீர்கள். கண்ணாடிக்குச் சின்னச் சின்னக் கட்டம் போட்ட மைக்ரோஃபைபர் துணி ஒன்று.

வாங்க வேண்டாதவை: காய்ந்த தூசியைத் தட்டும் நீளக் கைப்பிடி பிரஷ், பளபளப்புக்கென்று மண்ணெண்ணெய் அல்லது டீசல். மண்ணெண்ணெயும் டீசலும் போட்டால் தூசி இன்னும் சீக்கிரம் ஒட்டும், ரப்பரும் கெடும்.

எங்கள் குடியிருப்பில் காலையில் வண்டி துடைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு வாளி, ஒரு துணி, இருபது வண்டிகள். யார் வீட்டு மண்ணோ நம் வண்டியில் உருளும், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு துணியும் ஒரு கையுறையும் வாங்கி, “அண்ணே, எங்க வண்டிக்கு மட்டும் இதுங்க” என்று கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். உங்கள் இடத்திலும் கேட்டுப் பாருங்கள்.

படி 8: எல்லாம் வந்தாயிற்று, கழுவலாம்

காலை ஏழு மணிக்கு முன், அல்லது வெயில் இறங்கிய பிறகு. பானெட்டில் உள்ளங்கை வைத்தால் சுடக் கூடாது. முதலில் சக்கரங்களை முடித்துவிடுங்கள், கடைசியில் செய்தால் அந்த அழுக்கு சுத்தமான கதவில் தெறிக்கும். பிறகு வண்டி முழுக்கத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்குங்கள். காக்கை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாமல், ஈரத்துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், ஊறித் தானே வந்துவிடும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்துக்கும் இதே வைத்தியம். அதை வாரக்கணக்கில் விடாமல் மறுநாளே ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.

கூரையில் தொடங்கி மேலிருந்து கீழாக, வட்டம் போடாமல் நேர்கோட்டில், கையை அழுத்தாமல் தேய்க்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் அலசல் வாளி. நுரை காய்வதற்குள் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் விட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஏ.சி. தண்ணீரை ஒருமுறை ஊற்றி, பெரிய துணியால் ஒற்றி எடுங்கள். கதவு இடுக்கு, டிக்கியின் விளிம்பு, கண்ணாடி மடிப்பு ஆகிய இடங்களில் ஒளிந்திருக்கும் தண்ணீர் பிறகு வழிந்து கோடு போடும், கதவைத் திறந்து அங்கேயும் ஒற்றுங்கள்.

அப்புறம் தெருவை ஒரு சுற்று சுற்றி, மெதுவான வேகத்தில் பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டு வாருங்கள். பிரேக் டிஸ்க்கில் ஈரம் நின்றால் மறுநாள் மெல்லிய துரு படியும்.

துணிகளையும் கையுறையையும் அன்றே துவைத்துவிடுங்கள், வீட்டுப் பருத்தித் துணிகளோடு சேர்க்காமல். பருத்திப் பஞ்சு மைக்ரோஃபைபரில் ஒட்டினால் எடுப்பது கஷ்டம். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், அது நூலை மூடி உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். பிளீச்சும் கூடாது, இஸ்திரியும் கூடாது. நிழலில் கொடியில் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுவிட்டால் அடுத்த ஞாயிறு எடுக்கும்போது தூசி இருக்காது.